மேகமும் புதரும் ஒரே படம்தான்

இந்த எபிசோட் கேம் பிடிச்சவங்களுக்கு. "விடிய விடிய கேம் ஆடி என்னத்தக் கிழிக்கப் போற"ன்னு வீட்டில் திட்டு வாங்கினவங்களுக்கும்தான்.

நான் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் கம்பாசிட்டரா இருக்கேன். தனித்தனியா எடுத்த படங்களை, ஒரே கேமரா ஒரே நேரத்தில் எடுத்த மாதிரி ஒண்ணா சேர்க்கிற வேலை. சொந்த ஊர் கொட்டாம்பட்டி. மதுரையில் இருந்து திருச்சி போகும்போது மேலூர் தாண்டி வரும். டீ குடிக்க வண்டியை நிறுத்தியிருப்பீங்க, ஊர் பேரைக் கவனிச்சிருக்க மாட்டீங்க.

"அண்ணா, எனக்கு கேம்னா உயிரு. வி.எஃப்.எக்ஸ் படிக்கலாமா?" அடிக்கடி என்கிட்ட வர்ற கேள்வி இது. ஆமாம், இல்லைன்னு ஒரு வார்த்தையில் சொல்ல முடியல. அதனால் எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

அப்பாவுக்கு ரோட்டோரத்தில் டீக்கடை. 2000-ம் வருஷம், மதுரை மீனாட்சி பஜாரில் இருந்து ஒரு டிவி கேம் வாங்கிட்டு வந்தார். கேசட் மேலே 9999 கேம்னு போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தா உருப்படியா நாலஞ்சுதான், மிச்சமெல்லாம் அதே கேம் பேர் மாத்தி. ஓடலைன்னா கேசட்டைக் கழட்டி, வாயால் ஊதி, திரும்பச் சொருகணும். இது தெரிஞ்சவங்க இப்போ சிரிச்சிருப்பீங்க.

ஒருநாள் எங்க டிவியில் கலர் போய், எல்லாம் கறுப்பு வெள்ளையா தெரிய ஆரம்பிச்சது. அழாத குறையா மரியோ ஆடிக்கிட்டு இருந்தேன். அப்போதான் ஒண்ணு கண்ணில் பட்டது. மேலே மிதக்கிற மேகமும் தரையில் நிற்கிற புதரும் ஒரே வடிவம்! கலர் இருக்கிற வரைக்கும் அது வெள்ளை, இது பச்சை. கலர் போனதும் குட்டு வெளிப்பட்டுடுச்சு.

"அப்பத்தா, இங்க பாரு, ஏமாத்தியிருக்காய்ங்க!"ன்னு கத்தினேன். அப்பத்தா எட்டிப் பார்த்துட்டு, "ஒரே மாவுலதானேடா இட்லியும் சுடுறேன், தோசையும் சுடுறேன். அதுக்குப் பேரு ஏமாத்துறதா?"ன்னு கேட்டுச்சு.

ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் விஷயம் புரிஞ்சது. 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். உங்க ஃபேமிலி குரூப்பில் வர்ற ஒரு குட் மார்னிங் படம் அதைவிடப் பெருசு. அந்த இடத்துக்குள்ளே முழு உலகத்தையும் அடைக்கணும்னா, மேகத்துக்குப் பச்சை அடிச்சுப் புதராக்கித்தான் ஆகணும். மரியோவுக்கு ஏன் மீசை, ஏன் தொப்பி? அவ்வளவு சின்ன உருவத்தில் வாயும் தலைமுடியும் வரைய முடியாது. அதை மறைக்கத்தான் மீசையும் தொப்பியும்னு அவரை உருவாக்கிய மியாமோட்டோவே சொல்லியிருக்கார்.

அன்னைக்கு அந்தப் பயலுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் எந்த கேம் ஆடினாலும் மண்டைக்குள்ளே ஒரே கேள்வி: "இதை எப்படிச் செஞ்சிருப்பாய்ங்க?"

அப்புறம் மேலூர் பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரத்துக்கு 15 ரூபாய். நாலு பேர் காசு போட்டு ரோட் ராஷ் ஆடுவோம். எங்க செட்டில் ஒருத்தன் அதில் ராஜா, அவனை யாராலும் முந்த முடியாது. நான் எப்பவும் கடைசி, ஏன்னா நான் ரோட்டைப் பார்க்கிறதே இல்லை. ஓரத்து மரம் சின்னதா தோன்றி, சட்டுனு பெருசாகி, சர்ருனு போகும். தூரத்து மலை அசையவே அசையாது. ஆடி முடிச்சுட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பினா, அங்கேயும் அதேதான். பக்கத்துப் புளியமரம் பின்னாடி ஓடும், நடுவில் இருக்கிற பனைமரம் மெதுவா நகரும், அழகர்மலை கூடவே வரும்.

இதுக்கு பேரலாக்ஸ்னு பேர். இன்னைக்கு மேட்ச்மூவ்னு எங்க தொழிலில் ஒரு துறையே இதை நம்பித்தான் இருக்கு. ஷாட்டில் இருக்கிற புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எவ்வளவு நகருதுன்னு பார்த்து, கேமரா எங்கே இருந்தது, எப்படி நகர்ந்ததுன்னு சாஃப்ட்வேர் கணக்குப் போடும். அந்தக் கணக்கு தப்பினா, ரோட்டில் நிற்க வேண்டிய சி.ஜி. லாரி வழுக்கிக்கிட்டே போகும்.

சரி, கேமில் இருந்து சினிமாவுக்கு எப்படி வந்தேன்? கேபிள் டிவியில் 'காதலன்' படத்தோட முக்காலா முக்காபுலா பாட்டு அடிக்கடி போடுவாங்க. கடைசியில் தலை, கை, கால் எதுவும் தெரியாம வெறும் சட்டையும் பேண்ட்டும் ஆடும். 1994-ல் வந்த படம். அதுக்காக எஸ்.டி. வெங்கிக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருது கிடைச்சது. அதைச் செஞ்சவருக்கும் ஒரு பேர் இருக்கு, அது ஒரு தொழில், அதுக்குச் சம்பளமும் உண்டுன்னு தெரிஞ்சப்போ, போற வழி கிடைச்ச மாதிரி இருந்தது. 2010-ல் 'எந்திரன்' வந்தது. வி. ஸ்ரீனிவாஸ் மோகன் அதோட விஷுவல் எஃபெக்ட்ஸ் சூப்பர்வைசர்னு டைட்டிலில் படிச்சுட்டு வீட்டுக்கு வந்து, "இதான் படிக்கப் போறேன்"னு சொல்லிட்டேன்.

இங்கேதான் கதையில் வலி ஆரம்பிக்குது.

ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட். ஃபீஸ் 1,20,000 ரூபாய். "நூறு சதவீதம் வேலை"ன்னு வாயாலேயே சொன்னாங்க, எழுதிக் கொடுக்கல. அம்மா சங்கிலி அடகுக்குப் போச்சு. அப்பா ஒண்ணுமே சொல்லல. "டேய் தம்பி, நான் டீ ஆத்துறது வெறும் கை வேலை இல்ல, கண்ணு வேலை. நிறத்தைப் பார்த்தே டிகாக்ஷன் பதம் சொல்லிருவேன். நீயும் கண்ணால பொழைக்கப் போற, நல்லாப் பொழச்சுக்க"ன்னு மட்டும் சொன்னார்.

ஒரு வருஷத்தில் எந்த பட்டனை எங்கே அழுத்தணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஏன் அழுத்தணும்னு யாரும் சொல்லல. கோர்ஸ் முடிஞ்சது, வேலை வரல. எட்டு மாசம் அப்பா கடையில் கிளாஸ் கழுவினேன். வட்டி மட்டும் மாசா மாசம் கரெக்டா வந்தது.

அப்புறம் சென்னையில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. ஒரு ஷாட்டைப் போட்டுக் காட்டி, "இது ஏன் பொய்யா தெரியுது?"ன்னு கேட்டாங்க. ஹீரோ நிற்கிறார், பின்னாடி சி.ஜி. கோட்டை. என்கூட வந்தவங்க சாஃப்ட்வேர் பேரா அடுக்கினாங்க. எனக்கு ஞாபகம் வந்தது விடியக்காலை கடை திறக்கும்போது தெரியுற மலை. பக்கத்துக் குன்று கறுப்பா இருக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கிறது சாம்பல், அதுக்கும் பின்னாடி வெளுத்த நீலம். வைஸ் சிட்டி கேமில் தூரத்துக் கட்டடம் மங்கலா தெரிஞ்சு, கிட்டே போகப் போகத் தெளியுமே, அதே விஷயம். "சார், கோட்டை தூரத்துல இருக்கு. ஆனா அதோட நிழல் ஹீரோவோட தலைமுடி அளவுக்குக் கறுப்பா இருக்கு. நடுவுல காத்தே இல்லாத மாதிரி தெரியுது"ன்னு சொன்னேன்.

வேலை கிடைச்சது. சம்பளம் 7,000. வேலை ரோட்டோ. நடிகர் உருவத்தைச் சுத்தி ஃப்ரேம் ஃப்ரேமா கோடு போட்டு வெட்டி எடுக்கணும். ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், பத்து செகண்ட் ஷாட்னா 240. காற்றில் பறக்கிற தலைமுடின்னா அன்னைக்குத் தூக்கம் போச்சு. ரெண்டு வருஷம் நைட் ஷிஃப்ட்.

அதுக்கு நடுவில் 2013 பிப்ரவரி. பாண்டிச்சேரியில் ஆரம்பிக்கிற 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர். அந்தப் புலி பெரும்பாலான ஷாட்டில் கம்ப்யூட்டர் புலி. அதைச் செஞ்ச ரிதம் அண்ட் ஹியூஸ், ஆஸ்கருக்குச் சுமார் ரெண்டு வாரம் முன்னாடிதான் திவால் மனு கொடுத்திருந்தது. அந்த கம்பெனிக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் ஸ்டுடியோ இருந்தது. மேடையில் அவங்க அதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது மியூசிக் போட்டு நிறுத்திட்டாங்க. எங்க ஷிஃப்டில் எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்தோம், யாரும் பேசல. உலகத்திலேயே நல்லா வேலை செஞ்சாலும் இந்தத் தொழிலில் கம்பெனி மூழ்கலாம்னு அன்னைக்குப் புரிஞ்சது.

சங்கிலியை மீட்க நாலு வருஷம் ஆச்சு. அந்தச் சமயத்தில் ஒரு படத்துக்கு அப்பத்தாவைக் கூட்டிட்டுப் போனேன். ஹீரோ பறந்து அடிக்கிற சண்டை. "இதுல நீ செஞ்சது எங்கடா?"ன்னு கேட்டுச்சு. "அவரை ஒரு கயித்துல கட்டித் தொங்க விட்டிருந்தாங்க அப்பத்தா. அந்தக் கயித்தை அழிச்சது நான்தான்"னேன். "கயிறே தெரியலையேடா!" "தெரியலைல? அப்போ நல்லாச் செஞ்சிருக்கேன்." கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "தோசைக்குள்ள உளுந்து மாதிரி"ன்னுச்சு. என் வேலையை இதைவிட யாரும் நல்லா சொன்னதில்லை.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். கேம் பிடிச்சா மட்டும் போதாது. ரோட் ராஷில் ராஜாவா இருந்தவன் இன்னைக்கு லாரி ஓட்டுறான், சந்தோஷமா இருக்கான். அவனுக்கு ஜெயிக்கிறது பிடிச்சது, எனக்கு அது எப்படிச் செஞ்சதுன்னு பார்க்கிறது பிடிச்சது. ரெண்டுமே கேம் ஆசைதான், ஆனா வேற வேற ஊருக்குப் போற பஸ்.

இன்னொரு விஷயம். இப்போ கேமும் சினிமாவும் ஒரே வீட்டுக்குள்ளே வந்துடுச்சு. சினிமாவில் ஒரு ஃப்ரேமைக் கணக்குப் போட கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்கில் ஆகலாம். கேமில் செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா, ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 16 மில்லிசெகண்ட்தான். 2019-ல் வந்த 'தி மாண்டலோரியன்' சீரிஸில் பெரிய எல்.இ.டி. சுவர் கட்டி, அன்ரியல் எஞ்சினில் பின்னணியை ஓடவிட்டு, அது முன்னாடி நடிகர்களை நிற்க வெச்சு எடுத்தாங்க. கேம் செய்யக் கத்துக்கிட்டது இன்னைக்கு சினிமாவுக்கும் உதவும். அதே சமயம், நான் சோறு தின்ன ரோட்டோ வேலையை இப்போ ஏ.ஐ. கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்குது. பட்டன் மட்டும் தெரிஞ்சவனுக்கு இனி கஷ்டம். எது ஏன் பொய்யா தெரியுதுன்னு சொல்லத் தெரிஞ்சவனுக்கு இன்னும் இடம் இருக்கு.

அதனால் தம்பி, தங்கச்சிகளா, நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. பிளெண்டர் இலவசம். உங்க தெருவை ஃபோனில் பத்து செகண்ட் எடுங்க. அதில் இல்லாத ஒரு பொருளை, ஒரு தண்ணிக்குடம் போதும், நிற்க வைங்க. வழுக்காம நிற்கணும், நிழல் சரியா விழணும். ஒரு மாசம் ஆகட்டும். அந்த ஒரு மாசம் உங்களுக்குச் சலிக்கலைன்னா படிங்க. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பேரில் இருக்கிற அரசு திரைப்பட நிறுவனத்திலேயே அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்குப் பட்டப்படிப்பு இருக்கு, அதையும் விசாரிங்க. சலிச்சுதுன்னா, ஒரு மாசம்தான் போச்சு. சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கும்.

குடம் நின்னுச்சுன்னா எனக்கு அனுப்புங்க. வழுக்கினாலும் அனுப்புங்க, ஏன்னு சேர்ந்து பார்க்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.