எந்த வக்கீலிடம் போவது?



கூலி வேலை செய்யும் ஒரு பெண். தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டார். பஞ்சை உள்ளே வைத்தே தைத்துவிட்டார்கள். மறுபடியும் ஆபரேஷன். தாலி அடகுக்குப் போனது.

ஒரு தரகர் வந்தார். "வக்கீலை வைத்துப் பணம் வாங்கித் தருகிறோம். அதில் பாதி வக்கீலுக்கு. இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். கணவர் பேனாவை எடுத்தார். அந்தப் பெண் தாளைப் பார்த்தார். வெற்றுத் தாள்! "எழுதாத தாளில் கையெழுத்து எதற்கு?" என்று தடுத்தார்.

அவர் செய்தது சரி. கிடைக்கும் பணத்தில் வக்கீல் பங்கு கேட்கக் கூடாது. அது விதி.

அந்தப் பெண் மருத்துவமனையில் மனு எழுதிக் கொடுத்தார். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டார். 72 மணி நேரத்துக்குள் அவர்கள் தர வேண்டும். ரசீதுகளையும் பத்திரப்படுத்தினார்.

பிறகு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனார். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. தொலைபேசி எண் 15100.

வக்கீலிடம் அவர் மூன்று கேள்விகள் கேட்டார்.

"மருத்துவ வழக்கு நடத்தியிருக்கிறீர்களா?"

"வேறு டாக்டரின் கருத்தை எப்படி வாங்குவீர்கள்?"

"எப்போது மனுப் போடுவீர்கள்?"

மூன்றாவது கேள்வி மிக முக்கியம். நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும். 1995இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்புச் சொன்னது.

படிக்கக் கற்றோம். படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுவோம்.