பெட்டிக்குள் வரும் போர்க்கப்பல்



கப்பல் வருகின்றது என்பது திருகோணமலை மக்களுக்குப் புதிய செய்தியன்று. கொட்டியாரக் குடாவின் வழியே நுழைந்து உட்துறைமுகத்தில் நங்கூரமிடும் கலங்களைப் பார்த்தே எங்கள் பிள்ளைகள் வளர்கின்றனர். ஆயின், இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு வகைக் கப்பலின் வரவு. அது அட்டைப் பெட்டிக்குள் வருவது. துண்டு துண்டாக வருவது. பசையும் வண்ணமும் பொறுமையும் உடையவர் கையில் மட்டுமே முழுக் கப்பலாவது. மாதிரியுரு என்று அதனைச் சொல்வோம்.

இதனை விளையாட்டுப் பொம்மை என்று எண்ணிவிடுதல் கூடாது. பொம்மைக் கப்பலைச் செய்பவன் தன் மனம்போலச் செய்யலாம். புகைபோக்கியைப் பெரிதாக்கலாம், பீரங்கியை நீட்டலாம். மாதிரியுருச் செய்பவனுக்கு அந்த உரிமை இல்லை. நிலப்படத்துக்கு அளவுத்திட்டம் இருப்பதுபோல மாதிரியுருவுக்கும் ஓர் அளவுத்திட்டம் உண்டு. 72இல் ஒரு பங்கு என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தால், உள்ளேயுள்ள ஒவ்வோர் உறுப்பும் மெய்ப்பொருளின் 72இல் ஒரு பங்காக இருத்தல் வேண்டும். 72 என்ற எண் எதற்கு? 6 அடி உயரமுள்ள மனிதன் அந்த அளவில் சரியாக ஓர் அங்குலமாகின்றான். கணக்கு எளிது, விமானங்களுக்குப் பொருந்துவது. கப்பல்களோ மிகப் பெரியவை. ஆகவே அவற்றை 350இல் ஒரு பங்காகவும் 700இல் ஒரு பங்காகவும் சுருக்குகின்றனர்.

இங்கிலாந்தில் 1939இல் தொடங்கப்பெற்ற ஏர்பிக்ஸ் நிறுவனம், 1952இல் கோல்டன் ஹைண்ட் என்னும் பழைய பாய்க்கப்பலின் சிற்றுருவைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. ஜப்பானிலுள்ள சிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம், முதலில் மரத்திலும் 1960 முதல் பிளாஸ்டிக்கிலும் இவற்றைச் செய்யலாயிற்று. 1971இல் தமியா, அவோசிமா, ஹசெகாவா, புஜிமி ஆகிய நான்கு நிறுவனங்கள் ஒன்றுகூடி, எந்தக் கப்பலை யார் செய்வது என்று தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, 700இல் ஒரு பங்கு என்ற ஒரே அளவில் ஒரு வரிசையைத் தொடங்கின. கடலில் மிதக்கும்போது கண்ணுக்குப் புலப்படும் மேற்பகுதியை மட்டுமே அவை செய்தன. ஆதலால் ஒரு கடற்படை முழுவதையும் ஒரு மேசைமேல் நிறுத்திவிடலாம்.

ஆண்டுதோறும், தை மாதத்தை ஒட்டி ஜெர்மனியின் நியூரெம்பர்க் நகரிலும், மே மாதத்தில் சிசுவோக்காவிலும் பெருங் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. இனி வரவிருக்கும் மாதிரியுருக்கள் எவை என்னும் பட்டியல் அங்கே வெளியாகும். பெயர், அளவு, வெளிவரும் மாதம், விலை என்ற நான்கே விவரங்கள். எனினும், நம் கமக்காரர் பஞ்சாங்கத்தில் மழைக்குறி பார்ப்பதுபோல, சேகரிப்போர் அப்பட்டியலை வரிவரியாகப் பார்க்கின்றனர். சொன்ன மாதத்தில் வாராது பிந்துவனவும் உண்டு. பஞ்சாங்கத்து மழையும் அப்படித்தானே!

இவ்வாறு வரும் போர்க்கலங்களுக்கும் எங்கள் துறைமுகத்துக்கும் உள்ள தொடர்பை இனிச் சொல்கின்றேன்.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பாடசாலை மாணவரிடம் ஓர் உதவி கேட்டது. நட்பு விமானம் எது, பகை விமானம் எது என்று வீரர்கள் வடிவத்தைக் கொண்டே அறிந்து பழகவேண்டும். அதற்காக, 72இல் ஒரு பங்கு அளவில் 5 இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருக என்பதே அவ்வேண்டுகோள். அங்கே சிறுவர் மரக்கட்டையில் விமானம் செதுக்கிய அதே ஆண்டில், இங்கே மெய்யான விமானங்கள் வந்தன. ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. ஒரு விமானம் எண்ணெய்த் தொட்டியொன்றின்மேல் விழுந்து வெடித்தது. தொட்டி பல நாட்கள் எரிந்தது.

அன்றைய தினமே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே தொடக்கத்திலிருந்து திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதற் கப்பல் என்று வரலாற்றில் இடம்பெற்றது அது. தாக்குதல் வருமென்ற எச்சரிக்கை கிடைத்ததும், முன்னிரவில் அது எங்கள் துறைமுகத்தை விட்டுத் தெற்கு நோக்கி விரைந்தது. திரும்பி வரும் வழியில் கண்டுகொள்ளப்பட்டது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மாண்டவர் 307 பேர். மருத்துவக் கப்பலான வீற்றா அவ்வழியே வந்து, சுமார் 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது.

அந்த ஹெர்மிஸ் கப்பல் இன்று பெட்டிக்குள் வருகின்றது. அதனை வெளியிட்ட அவோசிமா, ஜப்பானிய நிறுவனம். மூழ்கடித்த நாட்டின் தொழிலாளர், மூழ்கிய கப்பலின் ஒவ்வோர் உறுப்பையும் அளவு பிசகாமல் வார்த்துத் தருகின்றனர். மெய்க்கப்பலின் நீளம் 600 அடி. 700இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 26 சென்ரிமீற்றர். மாணவர் பயன்படுத்தும் அடிமட்டத்தைவிடச் சற்றுக் குறைவு.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. பெற்றோர் பலர் அதனை எழுப்புகின்றனர். அவர்கள் எழுப்புவதில் நியாயமும் உண்டு. "ஐயா, 2009 வரை போரைக் கண்ணாற் கண்ட மாவட்டம் இது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொதியில் பீரங்கி வண்டியும் போர்விமானமும் வருகின்றன. அவற்றைப் பிள்ளைகளின் கையிற் கொடுக்கலாமா?" என்கின்றனர்.

போர் ஓசையை வானொலிச் செய்தியில் மட்டும் கேட்டவர்களல்லர் நாங்கள். ஆகையால் இக்கேள்விக்கு விரைந்து விடை சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். குற்றம் மாதிரியுருவில் இல்லை. பெட்டியின் மேலுள்ள படத்தில் இருக்கின்றது. அப்படத்தில் தீ எழும், அலை எழும், பீரங்கி முழங்கும். வீழ்பவர் எவரையும் காணமுடியாது. உள்ளே இருக்கும் துண்டுகளிலும் மனிதர் பெரும்பாலும் இல்லை. கப்பல் உண்டு, அதில் வாழ்ந்தவர் இல்லை. இல்லாத அந்தப் பகுதியைச் சேர்ப்பது ஆசிரியரின் கடமை, பெற்றோரின் கடமை.

எவ்வாறு சேர்ப்பது? அளவுத்திட்டமே அதற்கு வழி காட்டுகின்றது. 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள மனிதனை 700இல் ஒரு பங்காகச் சுருக்கினால் எவ்வளவு? 2.4 மில்லிமீற்றர். ஏறத்தாழ ஒரு கடுகின் அளவு. ஹெர்மிஸ் மாதிரியுருவைச் செய்து முடித்த மாணவனிடம் ஒரு பிடி கடுகைக் கொடுங்கள். 307 கடுகுகளை எண்ணிக் கப்பலின் அருகே வைக்கச் சொல்லுங்கள். எண்ணுவதற்குச் சில நிமிடங்கள் செல்லும். எண்ணி முடித்தவன் அந்தக் கப்பலைக் கையிலே தூக்கி "டுமீல்" என்று விளையாடமாட்டான் என்பதே என் நம்பிக்கை.

இன்னொன்றையும் அவனிடம் கேளுங்கள். விமானந்தாங்கி என்றதும் மேற்றளத்தில் விமானங்களை வரிசையாக அடுக்கவே எவருக்கும் விருப்பம் எழும். ஆனால் அந்த ஏப்ரல் 9ஆம் நாள், ஹெர்மிஸில் விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் சீனன்குடாவில் கரையிலே நின்றன. ஆகவே அந்நாளைய ஹெர்மிஸை உண்மைப்படி செய்ய விரும்புவோன், மேற்றளத்தை வெறுமையாகவே விடவேண்டும். அழகுக்கும் உண்மைக்கும் இடையே தெரிந்தெடுக்க ஒரு சிறுவனைப் பழக்குவதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

இனி, பட்டியலில் வரும் மற்றொரு வகையைப் பார்ப்போம். அவை விஞ்ஞானக் கற்பனைக் கலங்கள். வானவெளியில் உலவுவனவாகக் கதைகளும் திரைப்படங்களும் படைத்தவை. இல்லாத கலத்துக்கு அளவுத்திட்டம் எப்படி என்று மாணவர் கேட்பர். கற்பனை செய்தவர் முதலில் அதன் நீளத்தைச் சொல்லியாகவேண்டும், பின்னரே சுருக்கலாம். கற்பனைக்கும் கணக்கு வேண்டும்.

இவ்வகையிலும் எங்கள் ஊருக்கு ஓர் உறவு உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இந்நாட்டையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். வந்த அந்த ஆண்டிலேயே அவரும் நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1968இல், அவரும் ஸ்ரான்லி குப்ரிக்கும் சேர்ந்து கதை அமைத்த "2001: விண்வெளிப் பயணம்" என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் வரும் டிஸ்கவரி விண்கலத்தைப் படம்பிடிக்க 54 அடி நீளமான மாதிரியுருவொன்றைச் செய்தனர். அப்படத்துக் கலங்களின் சிற்றுருக்கள் பெட்டியிலும் வந்தன. இன்றும் புதிய அச்சில் வருகின்றன. 1977இல் வெளிவந்த "ஸ்ரார் வோர்ஸ்" படத்தின் கலைஞர்களோ, கடையில் விற்கும் பீரங்கி வண்டி, போர்க்கப்பல் ஆகியவற்றின் பெட்டிகளை வாங்கி, அவற்றின் துண்டுகளைத் தம் விண்கலங்களின்மேல் ஒட்டினர். போரின் உறுப்புகள் கனவின் உறுப்புகளாயின. கடலின் அடியில் பழமையைத் தேடியவரே வானத்தில் புதுமையைத் தேடினார் என்பதை எங்கள் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

ஆயின், நேயர்களே, உலகப் பட்டியல்களில் எங்களுடைய கலங்கள் எங்கே? எங்கள் ஊரின் பெயர் பூண்ட கப்பலொன்று உண்டு. "திருகோணமலை" என்றே அதற்குப் பெயர். மலபார்த் தேக்கினால், பம்பாயில், பார்சியரான ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையிற் கட்டப்பெற்று, 1817ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கின்றது. அக்கப்பலைக் கட்டுவதற்காக முதலில் இலண்டனிலிருந்து அனுப்பிய வரைபடங்கள், கொண்டுவந்த கப்பலோடு 1812இல் பகைவர் கைப்பட்டுப் போயின. மறுபிரதி அனுப்பவேண்டியதாயிற்று. பிரதி இருந்தமையாலன்றோ கப்பல் பிறந்தது!

வரைபடம் உள்ள பொருள் அழிந்தாலும் மீண்டும் பிறக்கும். ஹெர்மிஸ் கடலடியில் கிடக்கின்றது. ஆயினும் வரைபடமும் புகைப்படமும் இருத்தலின் மேசைமேல் எழுகின்றது. எங்கள் கரையோரத் தோணிகளுக்கும் வள்ளங்களுக்கும் வரைபடம் எங்கே? அவற்றைக் கட்டிய ஓடாவியரின் கையிலும் மனத்திலும் இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை பல படகுகளைக் கொண்டுபோயிற்று. அவற்றின் இடத்தில் வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். மீனவருக்கு அவை உதவுகின்றன, அதில் மறுப்பில்லை. ஆனால் மரத்தோணியின் வளைவும் பலகை பொருத்திய முறையும், அவற்றைக் கட்டிய முதியவரோடு மறைந்துவிடும்.

வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலைப் பலர் அறிவீர்கள். அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, நம்மவர் மாலுமிகளாக அதனைச் செலுத்தி, 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையிற் சேர்த்தனர். அதன் நீளம் 89 அடி. 100இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 27 சென்ரிமீற்றர். 700இல் ஒரு பங்கான ஹெர்மிஸும் 100இல் ஒரு பங்கான அன்னபூரணியும் மேசைமேல் ஏறத்தாழ ஒரே நீளமாய் நிற்கும். அளவைத் தெரிந்தெடுப்பவர் நாம். எதனைப் பெரிதாகக் காணவேண்டுமோ அதற்கேற்ற அளவை நாமே வகுத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஆசிரியர்களே, கைப்பணிப் பாடவேளையில் ஒரு நாளேனும் மாணவரை அளவுநாடாவோடு கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரக் கரையிலும் எஞ்சியுள்ள மரத்தோணியொன்றை அவர்கள் அளக்கட்டும். நீளம், அகலம், ஆழம், பலகைகளின் எண்ணிக்கை அனைத்தையும் குறிக்கட்டும். 20இல் ஒரு பங்காக வரையட்டும். பின்னர் மரத்திலோ அட்டையிலோ செய்யட்டும். ஓடாவியர்களே, பிள்ளைகள் வந்து கேட்டால், வேலை நேரம் என்று விலக்கிவிடாது உறுப்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். வெளிநாட்டில் வாழும் உறவினர்களே, மருமகனுக்குப் போர்க்கப்பற் பெட்டி அனுப்புவீர்களாயின், அதனுடன் அக்கப்பலின் கதையையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எத்தனை பேர் அதில் இருந்தனர், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த ஆண்டும் நியூரெம்பர்க்கிலும் சிசுவோக்காவிலும் பட்டியல்கள் வெளியாகும். போர்க்கப்பல்கள் வரும், விண்கலங்களும் வரும். கொட்டியாரக் குடாவின் தோணியை அப்பட்டியலிற் சேர்க்க எந்த நிறுவனமும் முன்வரும் என்று நான் காத்திருக்கவில்லை. அதனைச் செய்வதற்கு வேண்டியவை ஓர் அளவுநாடா, ஒரு தாள், ஒரு மரத்துண்டு, பத்து விரல்கள். இவை எங்கள் பாடசாலைகள் அனைத்திலும் உண்டு.