இடுப்பைக் காப்போம்
(மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இருந்தாலும், பாரத்தைத் தாங்குவது நம் இடுப்புதான். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் சேர்ந்தே முதுகெலும்பைப் பிடித்து நிறுத்துகின்றன. அவை தளர்ந்தால் நோவு வரலாம்.

லயத்துக் காம்பிராவில் ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி 5 எண்ணி இறக்குவோம், 10 தடவை. பிறகு தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நீட்டி 5 எண்ணுவோம், பக்கம் மாற்றுவோம். மூச்சை அடக்கக்கூடாது. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுவோம். கர்ப்பிணிகள் மருத்துவமாதுவைக் கேட்டுச் செய்யட்டும்.

பயிற்சி பாரத்தைக் குறைக்காது. கொழுந்து நிறுவை மலைக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும் என்று கேட்பதையும் நாம் விடமாட்டோம்.