மருந்து ஓர் அமானிதம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலவாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். நம் அலுவலக வாசலில் பச்சை நிறப் பெட்டி ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டில் மீதமாகும் மாத்திரைகளை அதில் போடுவீர்கள், நாங்கள் எடுத்து ஏழைகளுக்குக் கொடுப்போம். நல்ல நிய்யத்தோடுதான் செய்தோம். மூன்று மாதத்துக்கு முன் நம் தெரு மாமி ஒருவர் பாதி வெட்டிய மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து, "தம்பி, இதில் தேதி எங்கே இருக்கு?" என்று கேட்டார். தேதி அச்சிட்ட பாதியை யாரோ முன்பே வெட்டிப் பயன்படுத்திவிட்டார்கள். பிரஷருக்கான அந்த மாத்திரையை அவர் மூன்று வாரமாகச் சாப்பிட்டிருக்கிறார். பிரஷர் இறங்கவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ், டாக்டர் கவனித்து மாற்றிக் கொடுத்தார். மாமியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாளே பெட்டியை எடுத்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். நம் நாட்டில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம். 2008இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அது குற்றத்தை வகை பிரித்துப் பார்க்கிறது.

ஒன்று, போலி மருந்து. வேறொரு மருந்தின் பெயரில் தயாரித்தது, இல்லாத கம்பெனியின் பெயரை லேபிளில் போட்டது போன்றவை இதில் சேரும். இரண்டு, கலப்பட மருந்து. தரத்தைக் குறைக்கும் பொருளைச் சேர்த்தது, அசுத்தமான இடத்தில் தயாரித்தது, கெட்டுப்போனது. இந்த இரண்டில் எதுவானாலும், உயிருக்கோ உடலுக்கோ பெரும் தீங்கு விளைவிக்கக் கூடியதாக இருந்தால், குறைந்தது 10 ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய், அல்லது பறிமுதலான மருந்தின் மதிப்பைப் போல மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அது. அந்த அபராதத் தொகை பாதிக்கப்பட்டவருக்கோ, அவர் இறந்திருந்தால் அவருடைய உறவினருக்கோ போய்ச் சேர வேண்டும். அத்தகைய தீங்கு இல்லாவிட்டாலும், போலி மருந்துக்குக் குறைந்தது 7 ஆண்டு, கலப்படத்துக்கு 3 முதல் 5 ஆண்டு.

மூன்றாவது, லேபிளில் பொய்யான அல்லது ஏமாற்றும் தகவல் இருப்பது. இதற்கு 1 முதல் 2 ஆண்டு சிறையும் குறைந்தது 20,000 ரூபாய் அபராதமும் உண்டு. 2023இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் கடைசி வகைக் குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. மறுமையில் அந்த வழி கிடையாது என்பதை வியாபாரம் செய்யும் சகோதரர்கள் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உரிமம் இல்லாமல் மருந்தை விற்பது மட்டுமல்ல, விநியோகிப்பதும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. நம் பச்சைப் பெட்டி எவ்வளவு ஆபத்தான இடத்தில் நின்றிருக்கிறது பாருங்கள்.

சென்னையில் 2010 மார்ச்சில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். காலாவதியாகிக் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போன மருந்துகளைப் பொறுக்கியெடுத்து, தேதியை மாற்றி, மறுபடி கடைகளுக்கு விற்ற ஒரு கும்பல் பிடிபட்டது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மரணமடைந்தார்கள். அந்த சிரப்பைச் சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் இருந்தது. தாய் தன் கையால் பிள்ளைக்கு ஊட்டிய மருந்து அது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட சம்பவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள். நனைந்த தானியத்துக்கே இப்படி என்றால், நோயாளியின் கையில் கொடுக்கும் மாத்திரைக்கு? 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து அஷ்-ஷைஸரி எழுதிய ஹிஸ்பா நூல், மருந்து வியாபாரிகள் என்னென்ன கலப்படம் செய்வார்கள், முஹ்தஸிப் அதை எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விளக்குகிறது. நம் முன்னோர் இதைச் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

நம் ஊரில் மெடிக்கல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எனக்குத் தெரியாது, மொத்தக் கடைக்காரர் கொடுத்தார்' என்பது மட்டும் போதாது. உரிமம் உள்ளவரிடம் வாங்கியிருக்க வேண்டும். போதிய கவனத்தோடு பார்த்தும் குறையைக் கண்டுபிடிக்க முடியாமல் இருந்திருக்க வேண்டும். மருந்தை முறையாகப் பாதுகாத்திருக்க வேண்டும். அப்போதுதான் சட்டம் அவரைக் காக்கும். பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் சரக்கை வாங்கினால், அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

வாங்கும் நாம் செய்ய வேண்டியவை எளிமையானவை. எப்போதும் பில் கேளுங்கள். அதில் உள்ள பேட்ச் நம்பரும் அட்டையில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். தேதியின் மேல் ஸ்டிக்கரோ, சுரண்டிய தடமோ இருந்தால் வாங்காதீர்கள். முக்கியமான 300 மருந்து பிராண்டுகளின் பேக்கில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் கோடோ பார்கோடோ இருக்க வேண்டும்; பிள்ளைகளிடம் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் மருந்தைத் தூக்கி எறியாமல், பில்லோடு பத்திரப்படுத்தி மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யுங்கள். கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமையை 26ஆம் பிரிவு நமக்கே தருகிறது. ஆனால், பயந்துபோய் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

காலாவதியான மருந்தை அப்படியே குப்பையில் போடாதீர்கள். அட்டையைக் கிழித்து, மாத்திரையை உடைத்து, லேபிளில் கறுப்பு மை பூசிப் போடுங்கள். கொடுங்கையூர் நமக்குக் கற்றுத் தந்த பாடம் அது.

இனி நம் அறக்கட்டளை மாத்திரை வாங்காது, மாத்திரை கொடுக்காது. டாக்டர் சீட்டைக் கொண்டுவாருங்கள்; உரிமம் பெற்ற கடைக்கு நாங்களே பணம் கட்டி, பில்லை வாங்கிக் கோப்பில் வைப்போம். ஜகாத் பணம் அமானிதம். அதை வாங்கும் ஏழையின் உடம்பும் அமானிதம்.

அந்த மாமி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். தேதி எங்கே என்று அவர் கேட்டதுபோல் நீங்களும் கேளுங்கள், எங்களிடமும்தான்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நம் வியாபாரத்தில் ஹலாலான பரக்கத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.