புது வண்டி என்றால் சாரதி வாய் மூட வேண்டுமா?

(புத்தளம் மாவட்டத் தென்னந்தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம் பற்றிப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். நான் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலையில் நம்மை ஏற்றிப்போய், மாலையில் தேங்காய் ஏற்றிப்போகும் கெப் வண்டியைப் பற்றி.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்தது. அதன் பிறகு புது வண்டிகள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் ஒரு புதுத் தொல்லையும் கூடவே வந்திருக்கிறது. பழைய வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று சாரதி சொன்னால் கராஜுக்கு அனுப்புவார்கள். புது வண்டியில் அதையே சொன்னால், "புது வண்டிக்கு என்ன வருத்தம்? உனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை" என்கிறார்கள். சாரதியும் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். பின்னால் இருப்பதோ நம் பிள்ளைகள்.

புது வண்டியில் குறை வராதா? நம் வீதிகளில் நிறைய ஓடும் டொயோட்டா பிரியஸ் காரையே பாருங்கள். 2010இல் அதன் புது மாடலில், மேடுபள்ளத்தில் ஒரு கணம் பிரேக் பிடிக்காமல் போகிறது என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஓட்டியவர்கள் முறையிட்டார்கள். அது ஓட்டுபவர் உணர்வதில் உள்ள வித்தியாசம் என்றுதான் கம்பனி முதலில் விளக்கம் சொன்னது. சில நாட்களில், அந்த பெப்ரவரியிலேயே, 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திருத்துவதற்குத் திருப்பி அழைத்தது. 2012 நவம்பரில் ஸ்டியரிங் தண்டில் குறை என்று அதே கம்பனி உலகம் முழுவதும் 27 இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகளை அழைத்தது. உலகின் மிகப் பெரிய கார்க் கம்பனிகளில் ஒன்றுக்கே இந்த நிலை. ஓட்டியவர்கள் விடாமல் சொன்னதால்தான் பிரேக் விஷயம் வெளியே வந்தது.

ஆகவே சாரதித் தம்பிமார் இவற்றைக் கவனியுங்கள். பெடல் மெத்தென்று கீழே போனால் பிரேக் ஒயில் கசிகிறது, அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கிறது. பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சில்லில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது டயர்க் காற்று சமமாக இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் சில்லு உடனே திரும்பாமல் இருந்தாலும், சிவப்பு பிரேக் விளக்கு அணையாமல் நின்றாலும் வண்டியை எடுக்க வேண்டாம்.

நம் கரையோரத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கற்பிட்டி, பாலாவி, முந்தல் பக்கம் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பிரேக் குழாய்களை அடியில் குனிந்து பார்க்க வேண்டும். தார் வீதியில் மணல் படிந்திருந்தால் வெறும் வண்டியின் பின்சில்லு வழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

பாரமும் முக்கியம். கெப் வண்டி சாதாரணமாக ஒரு தொன் அளவுதான் தாங்கும். உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல். அப்படியானால் 2000 தேங்காய் ஏற்றினாலே அளவு தாண்டிவிடும். அதன் மேல் ஆட்களையும் ஏற்றினால் நல்ல பிரேக்கும் தோற்றுப்போகும். பாரம் ஏற்றச் சொல்பவர் ஒருவர், பழி சுமப்பவர் இன்னொருவர். இது நியாயமா?

இனி என்ன செய்வது? முதலாவது, குறையை வாயால் சொல்லி விடாதீர்கள். திகதி, நேரம், இடம், என்ன நடந்தது என்று எழுதி தோட்டக் கந்தோரில் கொடுங்கள். ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். நாளை விபத்து என்று வந்தால் அந்தத் துண்டுக் கடதாசிதான் உங்கள் சாட்சி. பிரேக் சரியில்லாத வண்டியை வீதியில் எடுத்தால் பொலிஸ் முதலில் பிடிப்பது சாரதியைத்தான். அப்படிப்பட்ட வண்டியை எடுக்கமாட்டேன் என்பது வேலை மறுப்பு அல்ல. அப்படிச் சொன்னவரின் பக்கம் சங்கம் நிற்கும். சேதத்துக்குச் சம்பளத்தில் வெட்டுவோம் என்றால் எதிலும் கையொப்பம் வைக்காமல் உடனே எங்களிடம் வாருங்கள்.

இரண்டாவது, வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இப்போது அதில் அடங்கும். இது பலருக்குத் தெரியாது. வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நம் பிள்ளைகள் சிலர் லீசிங்கில் சிறு லொறி எடுத்து ஓட்டுகிறார்கள். வண்டியில் குறை என்றால் விற்றவருக்கும் லீசிங் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தீர்வு இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். "பார்ப்போம், பிறகு வாங்க" என்று நாளைக் கடத்தினால் நட்டம் உங்களுக்கே. தவணைப் பணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தோழர்களே, வண்டி புதிதா பழையதா என்பது துரைமாரின் கணக்கு. அது நிற்குமா நிற்காதா என்பதுதான் நம் கணக்கு. நாளைக் காலை ஏறுவதற்கு முன் சாரதியிடம் கேளுங்கள்: "தம்பி, பிரேக் சரியா?" அவர் இல்லை என்றால் ஒருவரும் ஏற வேண்டாம். எல்லோரும் கீழே நின்றால் அவரைத் தனியாகப் பிடித்து மிரட்ட முடியாது.