சர்க்காரும் பண்டிகை விளையாட்டும்
(ஒரு கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பண்டிகை வேடிக்கைகளில் சர்க்கார் கலந்துகொள்வது சரியா என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். பகுத்தறிவு பேசுகிறவன் சிரிப்புக்கு விரோதி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. விளையாட்டை விளையாட்டு என்று தெரிந்து ஆடினால் யாருக்கும் நஷ்டமில்லை. விளையாட்டை உண்மை என்று சொல்லி ஜனங்களை ஏய்ப்பதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். எதிரி விமானம் வருகிறதா என்று இரவும் பகலும் பார்த்திருக்கும் ராணுவக் காரியாலயம் அங்கே இருந்தது. 1955ம் வருஷத்தில் ஒரு குழந்தை தவறுதலாக அங்கே டெலிபோன் செய்து, கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கேட்டது. கேட்டவர் ஹாரி ஷூப் என்ற கர்னல். அந்தக் கிறிஸ்துமஸுக்கே, தாத்தாவின் வண்டி வருவதைத் தாங்கள் கண்காணிப்பதாக ராணுவத்தார் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். 1958ல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து அமைத்த நோராட் என்ற ஸ்தாபனம் அந்த வழக்கத்தை இன்றும் நடத்துகிறது. டெலிபோனில் பதில் சொல்பவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். குழந்தை வளர்ந்து, “தாத்தாவும் இல்லை, வண்டியும் இல்லை” என்று சொன்னால் அதை நாஸ்திகன் என்று தள்ளிவைப்பாரில்லை. ஆனால், அணுகுண்டுப் பயம் நிறைந்த அந்தக் காலத்தில் ராணுவத்துக்கு இதனால் நல்ல பெயரும் கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே தேசத்தில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் 1887 முதல் ஒரு வேடிக்கை நடக்கிறது. பிப்ரவரி 2ந் தேதி, வளையில் வசிக்கும் அணில் ஜாதிப் பிராணி ஒன்றை வெளியே எடுப்பார்கள். அது தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு வாரம் குளிர் என்று ஜோசியம்! அமெரிக்க சர்க்காரின் தட்பவெப்ப இலாகா என்ன செய்தது? அந்த ஜோசியத்தை வருஷவாரியாகக் கணக்குப் பார்த்து, நம்புவதற்கில்லை என்று வெளியிட்டது. விளையாட்டில் கலந்துகொள்ளும் யோக்கியமான முறை இதுதான். நம்மூர்ப் பஞ்சாங்கத்துக்கு இப்படி ஒரு கணக்குப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்!

இனி மூன்றாவது. நவம்பர் மாத நன்றி தெரிவிக்கும் பண்டிகையில் அமெரிக்க ஜனாதிபதி ஒரு வான்கோழிக்கு ‘மன்னிப்பு’ அளிப்பார். 1989ல் மூத்த புஷ் காலத்திலிருந்து இது வருஷாந்திரச் சடங்காகிவிட்டது. அந்தக் கோழி செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. அந்தப் பண்டிகைக்கு மற்ற வான்கோழிகள் கோடிக்கணக்கில் அறுபடுகின்றன. இதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1987ல், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் நாறிக்கொண்டிருந்தது. அதில் சம்பந்தப்பட்ட அதிகாரிகளை மன்னிப்பீர்களா என்று பத்திரிகைக்காரர்கள் ஜனாதிபதி ரீகனைக் கேட்டார்கள். அவர் என்ன செய்தார்? எதிரிலிருந்த வான்கோழியை மன்னிப்பதாக ஹாஸ்யம் பேசி நழுவினார்.

ஆகவே தோழர்களே! சர்க்கார் விளையாடட்டும், நாமும் சிரிப்போம். ஆனால் சிரிக்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். இது வெறும் விளையாட்டு என்று யாரும் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? இந்தச் சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிப்போன கேள்வி எது? இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் கிடைக்கும் வரையில்தான் அது விளையாட்டு. கிடைக்காவிட்டால், அங்கே விளையாட்டுப் பொருள் நாம்தான்.