தோற்கும் தீர்மானங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

செயலாளர் அவர்கள் எனக்குக் குறித்துக் கொடுத்திருக்கும் நேரம் கால் மணிதான். இசையும் நாடகமும் காத்திருக்கின்றன. ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். தோற்றுவிடும் என்று நன்கு தெரிந்தும் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தீர்மானம் கொண்டு வருகிறாரே, அதனால் யாருக்கு என்ன பயன்? எண்ணிக்கையில் சிறியவர்களாய், பிறமொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு இக்கேள்வி மிகவும் நெருங்கியது என்று கருதுகிறேன்.

நம் ஆட்சி முறையில் பெரும்பான்மை பெற்றவர்களே மந்திரி சபை அமைக்கிறார்கள். சட்டங்களில் மிகப் பலவும் மந்திரிகள் கொணர்பவை. மந்திரி அல்லாத எவரும், ஆளுங் கட்சியினராயினும் எதிர்க்கட்சியினராயினும், தனி உறுப்பினர் எனப்படுவர். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர்களுக்கென வழக்கமாக ஒதுக்கப்படுவது, வெள்ளிக்கிழமைகளில் சபை கலைவதற்கு முந்திய இரண்டரை மணி நேரம். ஒரு வெள்ளி மசோதாக்களுக்கு. மறு வெள்ளி தீர்மானங்களுக்கு. 1952ஆம் ஆண்டு முதல் இன்றுவரை சட்டமாக நிறைவேறிய தனி உறுப்பினர் மசோதாக்கள் 14 மட்டுமே. அவற்றுள் இறுதியானது நிறைவேறியது 1970இல்.

இன்னொரு வாயிலும் உண்டு. வரவு செலவுத் திட்டத்தையொட்டி அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் லோக் சபையின் முன் வரும்போது, பல்லாயிரம் கோடி ரூபாய்க் கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் வெட்டுப் பிரேரணை கொடுப்பார். 100 ரூபாய் குறைந்தால் அரசாங்கம் ஏழையாகிவிடுமா? அவர் கருத்தும் அதுவன்று. மத்திய அரசாங்கத்தின் பொறுப்புக்கு உட்பட்ட ஒரு குறையைச் சபையில் எடுத்துரைப்பதற்கென்று விதிகளே அமைத்துத் தந்த அடையாளத் தொகை அது. கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்பாரும் உண்டு. அமைச்சகத்தின் கொள்கையையே ஏற்கவில்லை என்பதற்கு அது அடையாளம். இத்தகைய பிரேரணை வென்றால் மந்திரி சபை நம்பிக்கை இழந்ததாகவே கருதப்படும். ஆதலால் பெரும்பான்மை வலுவாக உள்ளவரை அவை தோற்றே போகும்.

பின் எதற்கு இந்த வீண் முயற்சி என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடையை நம் மாநிலத்தின் பெயரிலேயே காணலாம்.

சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து, 1956ஆம் ஆண்டில் விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு மேற்கொண்டார். இரண்டு மாதங்களுக்கு மேல் நோன்பிருந்து, அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் உயிர் நீத்தார். பெயர் மாறவில்லை. 1961ஆம் ஆண்டில் அதே பெயர் மாற்றத்துக்காக ராஜ்ய சபையில் ஒரு தனி உறுப்பினர் மசோதா வந்தது. கொணர்ந்தவர் தமிழர் அல்லர். மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்டுத் தலைவர் பூபேஷ் குப்தா. அதனால் அவருக்கு ஒரு வாக்கும் கூடப்போவதில்லை. 1963இல் நடந்த விவாதத்தில் அறிஞர் அண்ணா அம்மசோதாவை ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றுவதால் என்ன கிடைக்கப் போகிறது என்று குறுக்கே கேள்வி எழுந்தது. பாராளுமன்ற அவைகளுக்கு லோக் சபை, ராஜ்ய சபை என்று பெயர் சூட்டியதால் என்ன கிடைத்ததோ, அதுவே கிடைக்கும் என்பது அவர் விடையின் சாரம். மசோதா தோற்றது.

ஆயினும் அத்தோல்வியால் விளைந்தவை மூன்று. தெருவிலும் மேடையிலும் ஒலித்த கோரிக்கை நாட்டின் சட்டசபை ஏட்டில் ஏறியது. அதை மறுப்போர் தம் காரணங்களை வெளிப்படச் சொல்ல நேர்ந்தது; சொல்லிய பின் அவற்றின் வலிமை எவ்வளவு என்று யாவரும் எடைபோட முடிந்தது. தமிழர் அல்லாதாரும் ஒப்பும் நியாயம் இது என்பது நிலைபெற்றது. 1967ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் முதலமைச்சர் அண்ணா சென்னைச் சட்டசபையில் கொணர்ந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மறு ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 1969ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளில், தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. தோற்ற மசோதா ஒன்றே இதைச் சாதித்தது என்றால் அது மிகை. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் அளித்த தீர்ப்பு இல்லாமல் இது நடந்திராது. எனினும் விதைத்தவரை மறந்துவிட்டு அறுவடையைப் பேசுவது முறையன்று.

அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா அவர்கள் கொணர்ந்த தனி உறுப்பினர் மசோதாவை 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ராஜ்ய சபை ஒருமனதாக ஏற்றது. லோக் சபையில் அது நிறைவேறவில்லை. அரசாங்கமே வேறொரு மசோதா கொணர்ந்து, 2019இல் அது சட்டமாயிற்று. பின்வரிசை உறுப்பினர் பொருளை முன்வைத்தார். உள்ளடக்கத்தை அரசாங்கம் தீர்மானித்தது. அச்சட்டம் போதாது என்று அச்சமூகத்தாருள் பலரே குறை கூறினர். அடையாள முயற்சியின் வலிமையும் எல்லையும் இதில் ஒருங்கே தெரிகின்றன.

தோற்கும் தீர்மானம் பயன் தர வேண்டுமானால் அது சபைக்கு வெளியே கேட்க வேண்டும். 1956ஆம் ஆண்டில், ஆளுங் கட்சியின் பின்வரிசையில் இருந்த பெரோஸ் காந்தி, பாராளுமன்ற நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கும் மசோதாவைக் கொணர்ந்து வெற்றி கண்டார். நான் கூறிய 14இல் அதுவும் ஒன்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அச்சட்டம் நீக்கப்பட்டது. 1977இல் மீண்டும் இயற்றப்பட்டது. உறுப்பினரின் குரல் சுவர்களுக்குள் அடங்கிவிட்டால் யாருக்கு வசதி என்பதை இந்த வரலாறே சொல்லும்.

இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. தம் தொகுதிப் பத்திரிகையில் பெயர் வருவதற்காகவே பிரேரணை கொடுப்பாரும் உண்டு. மந்திரி, ஆவன செய்வோம் என்று உறுதி கூறியதும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவ்வுறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்க்க லோக் சபையில் 1953 முதலே ஒரு குழு இருக்கிறது. ஆனால் கோரிக்கை எழுப்பிய மக்களே மறந்துவிட்டால் எந்தக் குழுதான் என்ன செய்யும்?

அன்பர்களே, இத்தொகுதியில் நம் வாக்குகளால் ஒருவர் வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை. நம் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழி கற்க வசதி செய்ய முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு மாநிலங்களுக்குக் கூறுகிறது. மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு தனி அதிகாரியை நியமித்து, அவர் அறிக்கையைப் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்கிறது 350-பி பிரிவு. இரண்டும் 1956இல் சேர்க்கப்பட்டவை. ஏட்டில் உரிமை இருக்கிறது. அதை எடுத்துரைக்க ஒரு குரல் வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நம் குடியிருப்பில் தமிழ் கற்க விரும்பும் குழந்தைகள் எத்தனை பேர், கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்ல ரயிலில் இடம் கிடைக்காதோர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்போம். அதை மனுவாக எழுதி, இத்தொகுதி உறுப்பினரிடம் நேரில் சென்று கொடுப்போம். அவர் தமிழர் அல்லர் என்று தயங்க வேண்டாம். வங்காளத்தவர் ஒருவர் நம் பெயருக்காக எழுந்து நின்றதை எண்ணிப் பார்ப்போம். 100 ரூபாய் வெட்டுப் பிரேரணை ஒன்று கொடுத்து அவர் தோற்றாலும், நன்றிக் கடிதம் எழுதுவோம். அடுத்த ஆண்டும் செல்வோம். அதுபோலவே, தமிழகத்தில் வாழும் பிறமொழியாளர் குறைகளுக்காகவும் பேசுமாறு நம் ஊர் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்வோம். பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்தும் வழி அதுவே.